சாலோமியின் கொப்பிலிருந்த எறும்பு

என் அக்காள் சாரம்மாளைக் கட்டியவர் சுவிசேஷமுத்து. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆபீசில் இருபத்துமூன்று வருஷம் ரிஜிஸ்தர் எழுதினார். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, இந்த மூன்றையும் கட்டம் போட்டு நிரப்புவதுதான் உத்தியோகம். அதற்கு அவர் நடந்த நடையைப் பார்த்தால் மோட்சத்துச் சாவிக்கொத்தே அவர் இடுப்பில் தொங்குகிறது என்று நினைப்பீர்கள். பெயர் என்ன என்பார், ஊர் எது என்பார், எழுதுவார், மை ஒற்றுவார். கொழும்பிலே நாற்பது வருஷம் கடை வைத்துக் கிழடாகிப் போனவன் வந்து நின்றாலும் ஊர் என்ற கட்டத்தில் அவன் பிறந்த ஊர்தான் விழும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எந்த ஊர் என்று கேட்டால் யாரும் இருக்கிற இடத்தைச் சொல்வதில்லை.

1908இல் அந்த ஆபீசுக்குத் தலைமையாக பெல்லமி துரை வந்தார். ஆத்துமாக்களை ஆதாயம் பண்ண வந்த மனுஷன் எறும்பு பிடித்துக்கொண்டிருந்தார். குடிக்காதே என்று ஊருக்கெல்லாம் பிரசங்கம். அறையில் மட்டும் புட்டி புட்டியாக ஸ்பிரிட், எறும்புக்காக. பிடித்ததையெல்லாம் ஐரோப்பாவில் ஒரு பண்டிதருக்கு அனுப்புவார். அந்தப் பண்டிதர் பூதக்கண்ணாடி வைத்து எறும்பின் மீசைக் கணுக்களை எண்ணி, இது இன்ன ஜாதி, இன்ன தேசத்தில் உண்டு என்று எழுதுவார். படித்தவர்கள் செய்கிற வேலையைப் பாருங்கள்.

ஒவ்வொரு புட்டிக்கும் எறும்பின் பெயரும் ஊரும் எழுதிச் சீட்டு ஒட்டுவது அத்தான் வேலையாயிற்று. அன்றிலிருந்து அவர் தலை கனத்துவிட்டது. பிள்ளையார் எறும்பு என்று எழுத வேதக்காரன் கை கூசுமாம். 'விக்கிரகப் பெயருடைய கறுப்பு எறும்பு' என்று எழுதிவைத்தார். தூ! அதைப் பெருமையாக என்னிடமே காட்டினார்.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு சேர்ந்து வீட்டுக்கு நடக்க ஆபீசுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாள், 1909இல், கருத்தையா என்றொருவன் வந்தான். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய்ப் பத்து வருஷம் கழித்துத் திரும்பியவன். கையில் ஒரு முள் கொப்பு.

"ஐயா, என் பொஞ்சாதி சாலோமி இங்கன ஞானஸ்நானம் வாங்குனவ. நேட்டால்ல காய்ச்சல்ல போயிட்டா. செத்தவங்க ரிஜிஸ்தர்ல அவ பேர எழுதணும்."

"காயிதம் இருக்காவே?"

"கூலிக்காரன் பொஞ்சாதி செத்தா எவன்யா காயிதம் குடுப்பான்? அவளப் புதைச்ச இடத்துல ஒரு முள்ளு மரம் நிக்கி. அதுல ஒடிச்ச கொப்பு இது."

"கொப்ப வச்சு ரிஜிஸ்தர் எழுதச் சொல்லுதீரா? வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்ட காயிதம் கொண்டாரும்."

அவன் போகவில்லை. பெண்டாட்டியை அங்கே எவனிடமோ விட்டுவிட்டு வந்துவிட்டான் என்று ஊரில் பேச்சாம். சாலோமி பிறந்ததும் அதே ஊர்தானாம்; அவள் அண்ணன்மார் இரண்டு பேரும் அவனைத் தெருவுக்குள் விடுவதில்லையாம். வருஷத்துக்கு ஒருமுறை, ரிஜிஸ்தரைப் பார்த்துச் செத்தவர்களின் பெயரை வேதக்கோயிலில் வாசிக்கும்போது அவள் பெயரையும் வாசித்துவிட்டால் போதும் என்றான்.

பேசிக்கொண்டே கொப்பை மேஜையில் வைத்தான். பொத்தலான ஒரு முள்ளுக்குள்ளிருந்து காய்ந்த எறும்புகள் நாலைந்து உதிர்ந்தன. நூல் துண்டு போல ஒல்லி, தலையில் பாதி கண். அவ்வளவுதான், அத்தானுக்குச் சாலோமி மறந்துபோனாள். அத்தான் எறும்பைக் காகிதத்தில் வழித்தார், முள்ளையும் அறுத்து எடுத்துக்கொண்டார்.

"உமக்கு எந்த ஊரு?"

"கொற்கை ஐயா."

சீட்டில் கொற்கை என்று எழுதி ஒட்டினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எறும்பு எந்த ஊராய் இருந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பண்டிதர் எழுதினார்: உலகத்தில் எங்குமே காணாத புது எறும்பு, கொற்கையில் மட்டும் உண்டு, அதற்கு பெல்லமி துரையின் பெயரை வைத்திருக்கிறேன் என்று. துரைக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தான் புதுக் கோட்டு ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு, எறும்பைக் கண்டுபிடித்தது நான்தான் என்று ஏரல் சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கத்தரிக்காய் விற்கிறவள்கூடச் சிரித்திருப்பாள்.

இன்னும் எறும்பு வேண்டும் என்றது ஐரோப்பா. குடையும் புட்டியுமாக இரண்டு பேரும் கொற்கைப் பக்கத்து உடைமுள் காட்டில் முள் முள்ளாகப் பிளந்து பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். துரை தூரத்தில் இருக்கும்போது கருத்தையா வந்தான்.

"ஐயா, அது அங்கன உள்ள எறும்புல்லா? அவ கெடக்க எடத்து எறும்பு. இங்கன எதுக்குத் தேடுதிய?"

அத்தான் முகம் செத்துப்போயிற்று. "சும்மா கெடவே! ஒனக்கு என்ன தெரியும்?" என்று சீறினார்.

வரும் வழியில், துரையிடம் உள்ளதைச் சொல்லிவிடும் என்றேன்.

"துரை தோல உரிச்சிருவான்லே சாலமோன்."

தோல் உரியாமல் இருப்பதற்காக இன்னும் இரண்டு வருஷம் இல்லாத எறும்பைத் தேடினார் அந்த மகாவீரர். கருத்தையா மாதா மாதம் நடந்தே வந்து, எழுதியாச்சா ஐயா என்று கேட்பான். காயிதம் எங்கவே என்பார் இவர். அக்காள் புருஷன் என்பதால் காறித் துப்பாமல் இருந்தேன்.

1913இல் கடைசிக் கடிதம் வந்தது. வேறு பண்டிதர்கள் ஒத்துப் பார்த்துவிட்டார்கள். இது புது எறும்பே இல்லை, பழைய நேட்டால் எறும்பு, எப்போதோ பெயர் வைத்தாயிற்று. ஆப்பிரிக்காவில் உண்டு, இந்தியாவில் இல்லை. கூட வந்த முள்ளும் நேட்டால் மரத்து முள்தான். ஆகையால் கொற்கை என்ற சீட்டு தப்பு, பெல்லமி என்ற பெயர் தள்ளுபடி.

துரை குதித்தார். முட்டாள், கழுதை என்று ஆபீசே கேட்கக் கத்தினார். கடிதத்தைக் கசக்கி அத்தான் முகத்தில் எறிந்துவிட்டுப் போனார். நல்லா வேணும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அத்தான் குனிந்து அதை எடுத்தார். மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவி நீவிப் படித்தார். பிறகு சாவு ரிஜிஸ்தரைத் திறந்தார்.

"என்ன அத்தான் செய்யுதிய?"

"காயிதம் வந்துட்டுல்லா? முள்ளு நேட்டால் முள்ளுன்னு வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டிருக்கான்."

"எறும்புக் காயிதத்த வச்சு மனுஷி சாவ எழுதுவாங்களா? துரை பாத்தா வேலை போயிரும்."

"போவட்டும்லே."

எழுதினார். கடிதத்தையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டினார். மாதக் கடைசியில் வேலை போயிற்று. அதற்கு முன்பே கருத்தையா வழக்கம்போல வந்தான். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"சாலோமி. கருத்தையா மனைவி. காய்ச்சலால் மரித்தாள். ஊர், கொற்கை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடப் பாவி அத்தான்! இந்தத் தப்புக்குத்தானே இவ்வளவு பாடுபட்டீரு? மறுபடியும் கொற்கைன்னு எழுதியிருக்கீரே! அவ கெடக்கது நேட்டால்ல!"

கருத்தையா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, அந்தக் கடைசி வார்த்தைய இன்னொருக்கா வாசிங்க."

"கொற்கை" என்று வாசித்தார் அத்தான்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை வாசித்துவிட்டு அத்தான் ரிஜிஸ்தரை அவன் பக்கமாகத் திருப்பி, அந்த வார்த்தையின்மேல் விரலை வைத்துக் காட்டினார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்த வருஷம் கொற்கைக் கோயிலில் செத்தவர்களின் பெயரை வாசித்தார்கள். கொற்கை சாலோமி என்றதும் அவள் அண்ணன்மார் இருவரும் எழுந்தார்கள். வாசலுக்கு வெளியே நின்ற கருத்தையாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, தங்களுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள்.