செவ்வாய்க்கிழமை வந்த காய்

திருப்பதியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்கும் உறவுக்காரர்களிடம் கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். தரவுத்தளத்தில் நேரத்தைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் இதுதான் பொருள் என்று எழுதிவைப்பது என் வேலை. 'இப்போது' என்றால் எப்போது? 'வரை' என்றால் அந்த நாளையும் சேர்த்தா, சேர்க்காமலா? இதற்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பசு திங்கட்கிழமை கன்று போடுகிறது, சேதி நமக்குப் புதன்கிழமைதான் கிடைக்கிறது. திங்கள் நடந்த நாள், புதன் பதிந்த நாள். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். ஒரே கட்டத்தில் எழுதினால் கன்றுக்கு இரண்டு நாள் வயது குறைந்துவிடும். ஒருமுறை பதிந்ததை அழிக்கவும் கூடாது. தப்பென்று தெரிந்தால் சரியானதைப் புது வரியாகக் கீழே சேர்க்க வேண்டும். ஒன்று எப்போது முடியும் என்று தெரியாவிட்டால் 9999ஆம் வருஷம் டிசம்பர் 31 என்று போட்டுவிடுவோம். எங்கள் தரவுத்தளத்தின்படி சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகள் பலவும் அதுவரைக்கும் அந்தந்த விவசாயிக்கே சொந்தம். பட்டா கொடுத்த சர்க்கார்கூட அவ்வளவு தாராளம் காட்டியதில்லை.

மாந்தோப்புகள் எங்களிடம் வந்த காரணம், கங்காதர நெல்லூர்ப் பக்கம் மாங்காய்க்கூழ் எடுக்கும் ஒரு ஃபேக்டரிக்கு நாங்கள் மென்பொருள் செய்ததுதான். பருவத்தில் அந்த ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் நிற்கும். யாரும் நடுவில் நுழையாமல் இருக்க வாட்ச்மேன் ஒவ்வொரு டிரெய்லரின் பின்பலகையிலும் சாக்பீஸால் கிழமையையும் வரிசை எண்ணையும் எழுதிவிடுவார். கம்ப்யூட்டரோ உள்ளே எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்தது. வரிசையில் சேர்ந்த நேரம் ஒரு கட்டம், எடைமேடையில் பதிந்த நேரம் ஒரு கட்டம் என்று இரண்டு வேண்டும் என்றேன் நான்.

"ஒக டேட் சாலம்மா" என்றார் எங்கள் மேனேஜர். ஒரு தேதி போதுமாம். "வாட்ச்மேன் வந்து டைப் பண்ணுவாரா?" என்றும் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியும், என்னைக் கிண்டல் செய்ய மட்டும் அதை வைத்திருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சித்தூர் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போக வேண்டியிருந்தது. 'வருகை: சரக்கு எடைமேடையில் பதியப்படும் நேரம்' என்று என் கையாலேயே டைப் செய்து அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். அவர் வற்புறுத்தினார் என்று சொல்லிக்கொள்ளலாம். நிஜத்தில் எனக்கு ஜன்னல் சீட்டு வேண்டியிருந்தது.

என் நைனா, அதாவது அப்பா, அந்த ஃபேக்டரிக்குக் காய் கொடுப்பவர். அதற்கு முன்னால் பல வருஷம் அதே மாதிரி ஃபேக்டரிகளில் மற்றவர்கள் காயைக் கூடை கூடையாய்த் தூக்கி இறக்கியவர். எங்கள் பரம்பரையில் நிலம் என்று பேருக்கு ஒன்று கிடைத்ததே அவர் காலத்தில்தான். அதில் தோத்தாபுரி மாங்கன்றுகள் வைத்தார். விவசாயி என்று போட்டோவோடு ஃபேக்டரி கொடுத்த கார்டை பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஆதார் கார்டு பெட்டியில்தான் கிடக்கும்.

அந்த வருஷம் காய் கொட்டிக் கிடந்தது. நைனாவின் டிராக்டர் செவ்வாய்க்கிழமை காலையில் வரிசையில் சேர்ந்தது. வெயில் கொளுத்தியது. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எடைமேடை ஏறியது. அதற்குள் அடியில் இருந்த காய் கசிந்து டிரெய்லரிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பார்த்தது. வருகை வெள்ளி, சோதனை வெள்ளி, அழுகல் ஏராளம். வந்த அன்றைக்கே அழுகியிருந்தால் தோட்டத்திலிருந்தே அழுகித்தான் வந்திருக்க வேண்டும். நைனாவின் கார்டை அது முடக்கிவிட்டது. அடுத்த பருவம் அவர் காய்க்கு கேட் திறக்காது. நோட்டீஸ் போர்டில் அவர் பெயரை 'அழுகிய சரக்கு கொண்டுவந்தவர்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார்கள்.

நைனா எனக்குப் போன் செய்தார்.

"ஊரு காயத் தூக்குனப்பகூட ஒரு காய நான் கீழ போட்டதில்லமா. மூணு ராத்திரி அங்கயே துன்னாம நின்னுகினு இருந்தேன். நான் எப்ப வெள்ளிக்கெழம போனேன்?"

நான் அந்த வரியை எடுத்துப் பார்த்தேன். வரையறைக்கு எள்ளளவும் பிசகாமல் இருந்தது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பதைத் தரவுத்தளத்தில் இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. ஃபேக்டரிக்காரர்களிடம் சொல்கிறேன் நைனா என்று மட்டும் சொன்னேன், யார் எழுதிய வரையறை என்று சொல்லவில்லை.

நான் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. வாடகை டிரெய்லரின் சொந்தக்காரரிடம் கேட்டு, பின்பலகையைக் கழற்றி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போய்விட்டார். பலகைக்கும் ஒரு ஆள் சார்ஜ் கேட்ட டிரைவரோடு வழியெல்லாம் சண்டை. ஃபேக்டரி அதிகாரியின் மேஜைமேல் அதைச் சாய்த்து வைத்தார். 'மங்கள 61' என்று சாக்பீஸ் எழுத்து. மங்களவாரம் என்றால் செவ்வாய். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் எழுத்துதான் என்றார் அவர். மேஜையில் சாறு ஒட்டிவிட்டதாம், அதிகாரிக்கு அதுதான் பெரிய வருத்தம். திருத்தச் சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்தது. நானே திருத்தினேன். கார்டு உயிர்பெற்றது. அதற்குள் பன்னிரண்டு நாள் ஓடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நைனா கேட்டார்.

"அந்தத் தப்ப அழிச்சிட்டியாமா?"

"அழிக்க முடியாது நைனா. செவ்வாய்னு புதுசா ஒரு வரி போட்டுக்கீறேன். பழசும் அப்படியேதான் இருக்கும்."

"அப்ப அந்தப் பன்னண்டு நாளும் நான் அழுகுன காய் கொண்டாந்தவன்தானா?"

"அந்தப் பன்னண்டு நாளும் கம்ப்யூட்டர் அப்படி நெனைச்சிகினு இருந்திச்சி. அது நெனைச்சத அழிக்கக் கூடாது. அது ரூலு."

அந்த விதியும் நான் எழுதியதுதான். அது சரியான விதி, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"நான் கொண்டாந்தேன்னு என் பேரு கீது. வந்த நாளு அதுதான்னு முடிவு பண்ணவன் பேரு அதுல கீதா?"

"இல்ல."

"அதையும் போடு. எவ்ளோ பெரிய ஆபீசரா இருந்தாலும் பரவால்ல. என் பேருக்குப் பக்கத்துல அவன் பேரும் இருக்கட்டும்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"நான்தான் நைனா முடிவு பண்ணேன்" என்றேன். வரிசை, எடைமேடை, வெள்ளிக்கிழமை பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ரசத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஊற்றாமல் நின்றாள்.

"அப்டின்னா வாணாம், வுடு" என்றார். "உன் பேரப் போடாத. என் பேரு மட்டும் இருக்கட்டும்."

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். ஒன்று, வரிசையில் சேர்ந்த நேரம். மற்றது, வரையறுத்தவர் பெயர். மேனேஜரிடம் கேட்கவில்லை. நைனாவின் பழைய வரியில் என் பெயர் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.