மாப்பிள்ளையை விசாரிக்காத நாவல்

கல்லூரியில் அமெரிக்க நாவல் பேப்பர் நடத்துகிற சக பாவிகளே, கதாநாயகியின் கல்யாணத்தோடு நம் வேலை முடிவதில்லை. முதல் பெஞ்சில் இருக்கிற பெண்ணின் கல்யாணத்துக்கும் நாம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பா வந்தார்

தாம்பரம் கல்லூரியில் என்னிடம் எம்.ஏ. படிக்கும் ஷீபாவின் அப்பா, அனகாபுத்தூரில் பள்ளிக்கூட கிளார்க். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். கையில் நான் நடத்துகிற பழைய அமெரிக்க நாவல். இல்லாத வீட்டுப் பெண்ணைப் பெரிய இடத்தில் கட்டிக்கொடுக்க, அவள் அங்கே படாத பாடு படுகிற கதை. மனுஷன் பென்சிலால் கோடு வேறு போட்டிருந்தார்.

"பெருங்களத்தூர்ல சொந்த ஃப்ளாட், அவங்களா தேடி வந்த சம்பந்தம். ஷீபா இதப் படிச்சுட்டு யோசிக்கணும்ங்கறா. இத எதுக்கு மேடம் பாடத்துல வெச்சீங்க?"

அட்மிஷன் கேட்ட அம்மா

அடுத்த வாரம் பட்டுப்புடவையில் ஒரு அம்மா. தங்கச்சி பெண்ணுக்கு அட்மிஷனாம். அட்மிஷன் முடிந்து மூன்று மாசம் ஆச்சு! மாப்பிள்ளை வீட்டு விசாரணை என்று உடனே புரிந்துவிட்டது. ஷீபா எதிர்த்துப் பேசுவாளா என்று துருவினார். வகுப்பில் அவள்தான் முதல் என்றேன், காதிலேயே விழவில்லை. இவ்வளவு வசதியான வீட்டுக்கு என்ன இவ்வளவு அவசரம்? எனக்கு என்னவோ இடித்தது.

"படிப்பு இருக்கட்டும் மேடம். இல்லாத வீட்டுப் பொண்ணுன்னா அடங்கி இருக்குமில்ல, அதான் கேக்கறேன்."

வாடகைக்கு வீடு

ஷீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கதையில மாப்பிள்ளையப் பத்தி ஒருத்தர்கூட விசாரிக்கல மேம்" என்றாள். "யாருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்லட்டும்னு சர்ச்சுல மூணு ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிக்கணும். அதுகூட வேணாம்னு அவசரப்படறாங்க. என்கூட வர்றீங்களா?"

சனிக்கிழமை பெருங்களத்தூரில் அந்த அப்பார்ட்மெண்டுக்குப் போனோம், வாடகைக்கு வீடு தேடுகிற அக்கா தங்கையாக. பொய் சொல்வதில் அந்த அம்மாவுக்கு நாங்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. பேச்சுவாக்கில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கேட்டேன். வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஷீபா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு வூடா நீங்க? மொத சம்சாரத்து வூட்லேர்ந்து இப்டி யாராச்சும் வந்து கேட்டுருந்தா, அந்தப் பொண்ணு ஆறே மாசத்துல அழுதுகினு போயிருக்காதும்மா."

அன்றைக்கே அந்தச் சம்பந்தத்தை முறித்த ஷீபாவின் அப்பா, இப்போதெல்லாம் எந்த வரன் வந்தாலும் பையனைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் வீட்டு வாட்ச்மேனைப் பார்த்துவிட்டு வருகிறார்.