ஒன்பதாம் தலைமுறைப் புழுக்கள்

பேருக்கு அடையாறில் ஆராய்ச்சி மாணவி. செய்ததெல்லாம் கொலைதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. தானே விஷம் சுரந்து காய்ப்புழுவைக் கொல்கிற பருத்தி வெளிநாட்டில் வந்துவிட்டது, நாளைக்கு இங்கேயும் வரும். அந்த விஷத்தைத் தாங்குகிற புழு, அந்தத் திராணியைப் பிள்ளைகளுக்கும் கொடுக்குமா? என் பட்டமே அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கடலைமாவுக் களியில் விஷத்தைக் கலந்து வைப்பேன். தின்ற புழு குடல் அழுகி, கறுத்துச் சுருண்டு சாகும். தப்பித்ததுகளை முட்டையிட வைத்து, குஞ்சுகளுக்கும் அதே விஷம். முதல் தலைமுறையில் மிஞ்சியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். எட்டாவதில் பாதிக்குமேல் சாகவே மாட்டேன் என்றன, சனியன்கள்! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒன்பதாவதும் தாங்கி, முட்டையிட்டுவிட்டால் ஆய்வு முடிந்தது.

குப்பிக்கு ஒரு புழு என்பது எங்கள் சட்டம். குப்பி கழுவி, களி மாற்றுகிறவள் ஆற்றோரக் குப்பத்து அக்கா. என்னைவிட அவளுக்குப் புழுவைத் தெரியும்.

அறுபத்துமூவர் திருவிழாவுக்கு மயிலாப்பூர் வீட்டுக்கு ஓடுகிற அவசரம் எனக்கு. கழுவின குப்பிகள் காயவில்லை. விஷத்தில் தப்பித்த ஒன்பதாம் தலைமுறை மொத்தத்தையும் ஒரே தட்டில் கொட்டினேன்.

"வாணாம்மா, ஒண்ண ஒண்ணு துன்னுடும்," என்றாள் அக்கா.

"வயிறு ரொம்பக் களி இருக்கு. அப்புறம் எதுக்குக் கடிக்கப்போறது?" என்றேன். வெங்காயம்கூட நுழையாத வீட்டில் வளர்ந்த புத்தி, வேறெப்படி யோசிக்கும்!

ரெண்டு நாள் கழித்துத் திறந்தால் தட்டெல்லாம் பச்சைச் சாறு. தலையில்லாத உடம்பு, பாதி உடம்பு. களி வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு புழு இன்னொன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது.

"நீயாவது பிரிச்சு வெச்சிருக்கப்படாதோ?" என்று கத்தி, பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தேன். என் தப்புக்கு அவளை அறைந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் மிஞ்சின ஏழு புழுவையும் தனித்தனிக் குப்பியில் போட்டாள். அவை கூட்டுப்புழுவானதும் ஆணா பெண்ணா என்று பார்க்க உட்கார்ந்தோம். ஒரே ஒரு ஜோடி இருந்தால் போதும், வம்சம் பிழைத்துவிடும். அவள்தான் லென்சில் கண்ணை வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏழும் ஆம்பளதாம்மா," என்றாள், தலையைத் தூக்காமலே. "இன்னும் நாலு அறை குட்த்தாலும் இதுல ஒரு பொட்ட வராது."