வெளுத்த சவரன்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடத்தான். எழுத்து கோணல்மாணலாக வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கேயாவது போய்விடுவேன், மறதியும் அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நினைத்துக்கொண்டு படியுங்கள். நிஜமாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் பேசமாட்டேன், எழுந்து உள்ளே போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் சுமதி சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் யாரோ ஒருவர் பழைய இங்கிலீஷ்காரர் காசுகளை மேசையில் பரப்பிவைத்து, எது அசல், எது போலி என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் ஒரு தங்கக்காசை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டார். ணங் என்று ஒரு சத்தம். என் மடியிலிருந்த முறம் கவிழ்ந்து கீரையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது.

“நிறுத்துடி, வெளிய கேக்கப் போவுது,” என்றேன்.

“யாருக்கத்த கேக்கும்? பக்கத்து ஊடு பூட்டிக் கெடக்குது. நம்மகிட்ட இன்னா தங்கமா கீது?” என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவைத்தேன். குனிந்து கீரையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

தங்க வயல் என்றால் அங்கே தங்கம் வீதியில் கிடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் லைன்களில் தங்கத்தைப் போல நாங்கள் பயந்த சாமான் வேறு கிடையாது. பாம்புக்குக்கூட அவ்வளவு பயமில்லை. பாம்பு வந்தால் கத்தி நாலு பேரைக் கூப்பிடலாம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் லைனில் இருந்தோம். மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் நூறு வயசு என்பார்கள். எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மைசூர் மைன்ஸில் டிம்பர் வேலை. பூமிக்குள்ளே பாறை சரியாமல் இருக்க மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் மேலே விளக்குக்குப் போடுகிற கார்பைடு வாசனை அடிக்கும். பூண்டு அழுகின மாதிரி ஒரு வாசனை. மற்றவர்களுக்குக் குமட்டும். எனக்கு அந்த வாசனை வந்தால் நைனா உயிரோடு மேலே வந்துவிட்டார் என்று அர்த்தம், நிம்மதியாக இருக்கும்.

அதே வாசனை அவருடைய காசுகளிலும் அடிக்கும். பழைய கார்பைடு டப்பாவில்தான் போட்டுவைத்திருந்தார். பங்களாக்கார வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் தேசத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மேசை இழுப்பறையில் அவர்கள் ஊர்ச் செப்புக்காசு, வெள்ளிக்காசு நாலைந்து கிடக்கும். இங்கே கடையில் செல்லாது. பட்லர்கள் அதை நைனாவிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சாராயம், எங்கள் நைனாவுக்கு இது.

ஞாயிற்றுக்கிழமை கோணியில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். படிப்பு கிடையாது. ராஜாக்களைத் தாடியை வைத்தும், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்தும் அடையாளம் வைத்திருந்தார். திரும்பவேண்டிய பக்கம் திரும்பாத ராஜா போலி என்று தனியாக எடுத்துவைப்பார். காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்குச் சுரங்கக் கணக்குதான், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி எத்தனை லெவல் ஆழம் இறங்கியது என்று. ராணியின் காதுமேல் முடி இழை இழையாகத் தெரிந்தால், “இது இன்னும் மேலதான் நிக்கிது, கேஜ்ல ஏறவே இல்ல” என்பார். கன்னம் தேய்ந்திருந்தால் முப்பதாவது லெவல். முகமே போய் வழவழப்பாகிவிட்டால், “அடி லெவலுக்குப் பூட்டாரு, பாவம்” என்று ஏதோ கூட வேலை செய்கிற ஆளைச் சொல்கிற மாதிரி சொல்வார்.

அம்மாவுக்கு அந்தக் காசுகளில் ஒன்றுதான் பிடிக்கும். பெரிய செப்புக்காசின் பின்பக்கம் ஒரு பொம்பளை கையில் சூலத்தோடு உட்கார்ந்திருப்பாள். அம்மா அதற்குக் குங்குமம் வைத்துவிட்டாள். எழுத்திடுக்கில் எல்லாம் குங்குமம் ஏறிக்கொண்டது. “அது சாமி இல்லடி, அவங்க நாட்டுப் பொம்பள,” என்று நைனா ஊசியால் குத்திக் குத்தி எடுத்தார். “சூலம் வெச்சிகினு சும்மா குந்தினு இருப்பாளா?” என்றாள் அம்மா.

சவரனுக்கு வருகிறேன். இப்போது எடைக்குச் சவரன் என்கிறோமே, அந்தப் பெயர் இந்தக் காசிலிருந்து வந்ததுதான். ஒரு பங்களாவில் நைனா ஞாயிறுகளில் வேலி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த துரைசானி ஊருக்குக் கிளம்பும்போது, கைக்குட்டையில் சுற்றி ஒரு ராணிக்காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தம்மாவின் அப்பா இங்கே வருவதற்கு முன் ஆஸ்திரேலியா தேசத்தில் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர், அவர் வைத்திருந்த காசு இது என்று பட்லர் சொன்னாராம். நைனா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் கைக்குட்டையைப் பிரித்தார். அத்தனை வருஷம் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தும் தங்கத்தை அவர் கையால் தொட்டதில்லை. உள்ளே இருப்பதெல்லாம் வெறும் கல்தான். காசு அவர் உள்ளங்கையில் இருந்தது. எங்கள் மூன்று பேர் மூச்சும் சத்தமாகக் கேட்டது.

அம்மாவுக்கு ஒரு மாமா முறை, பஜாரில் நகை வேலை செய்கிறவர். அவரிடம் மட்டும் காட்டினார்கள். உரைகல்லில் மெல்ல ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். இழுத்த கோட்டைக் கட்டைவிரலால் உடனே துடைத்துவிட்டார்.

“தங்கம் நல்லாதான் கீது மாப்ள. ஆனா சவரன்ல செம்பு சேப்பாங்க, செவப்பு அடிக்கும். இது வெளுப்பா கீது. வெள்ளி சேந்த தங்கம். நம்ம மைன்ல எடுக்கிறதுதான் இப்படி வரும்.” பிறகு குரலை இறக்கி, “இங்க எடுத்துகினு வராத. நான் பாக்கல,” என்றார்.

அன்றைக்குப் பிடித்தது பயம். திருட்டுத் தங்கத்தை உருக்கி, அசல் காசை வைத்து அச்செடுத்து, சவரன் மாதிரி வார்த்துவிடுகிற ஆட்கள் உண்டு என்று அப்போது பேச்சு இருந்தது. சவரன் என்றால் யாரும் கேட்கமாட்டார்களே. மற்ற ஊரில் காசு போலி என்றால் அதில் தங்கம் இல்லையே என்று அழுவார்கள். எங்களுக்கு அது தங்கமாக இருக்கிறதே என்று அழுகை. எதிர் லைனில் ஒரு வீட்டில் சோதனை போட்டதில் பொட்டளவு தங்கம் கிடைத்தது, எங்கிருந்து வந்ததென்று அந்த ஆளால் சொல்ல முடியவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேலை போனது, வேலையோடு வீடும் போனது. அவர் பெண்சாதி சட்டிபானைகளோடு ரோட்டோரம் உட்கார்ந்து, வெயிலுக்கு முறத்தைத் தலைமேல் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். திரும்பி வரும்போதும் அப்படியே இருந்தாள்.

காசு அசல் என்று யாராவது சொல்லிவிட்டால் எங்களுக்குப் பயமில்லை. ஆனால் காட்டினால்தானே சொல்வார்கள்? காட்டினால் அதோடு தீர்ந்தது. கொடுத்த துரைசானியோ கப்பல் ஏறிவிட்டாள். நைனா தானே பார்க்க ஆரம்பித்தார். விளிம்பில் இருக்கிற வரிகளை நகத்தால் தடவுவார். ஒரு ஞாயிறு, “அடிச்ச காசுதான், வரி கூரா கீது” என்பார். அடுத்த ஞாயிறு, ராணி கழுத்துக்குக் கீழே துளியூண்டு பரு மாதிரி ஒன்று இருக்கிறது, வார்க்கும்போது விழுந்ததுதான் என்று முகம் கறுத்துப்போவார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைக்குச் சோறு வடிப்பாளா இல்லையா என்பது.

கடைசியில் சத்தம் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அடித்த காசு மணி மாதிரி நீளமாகப் பேசும், வார்த்த காசு தட்டையாக நின்றுவிடும். ஆனால் தட்டி வீட்டில் தங்கத்தைக் கல்லில் போட்டால் லைன் முழுக்கக் கேட்குமே. ஷிப்ட் சங்கு ஊதும்போது போடலாம் என்றாள் அம்மா. அப்படியே போட்டார். யாருக்கும் கேட்கவில்லை. நைனாவுக்கும் கேட்கவில்லை.

அதனால் ஒரு ஞாயிறு காலை சயனைடு மேட்டுக்குப் போனோம். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சுகிற மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகக் கிடக்குமே, அங்கே. ஆம்பளையைச் சோதனை போடுவார்கள், சின்னப் பெண்ணைப் போடமாட்டார்கள் என்று அம்மா காசை என் பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்துவிட்டாள். நடக்க நடக்க அது என் கணுக்காலில் வந்து வந்து இடித்தது. யாரோ பின்னாலேயே வந்து தட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

மேட்டுக்குப் பின்னால் ஒரு தட்டைக்கல் பார்த்து நைனா உட்கார்ந்தார். தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். முதலில் ஒரு வெள்ளிக்காசைப் போட்டார், எனக்குப் பழகுவதற்காக. “கேட்டியா, இது அசலு. இப்படிக் கேக்கணும்.” பிறகு ராணியைப் போட்டார். சத்தம் வந்தது. வந்த அதே நேரத்தில் மேட்டுக்கு மேலே ஒரு இருமலும் வந்தது. காசு துள்ளி மண்ணில் விழுந்தது. நான் போய் அதன்மேல் நின்றுகொண்டேன். நின்றால் நல்லது என்றெல்லாம் யோசிக்கவில்லை, கால் போய் நின்றது.

காவல்காரர். காக்கி அரைக்கால் சட்டை, பூட்ஸ், கையில் தடி.

“இன்னாபா, ஞாயித்துக்கெழமையும் மண்ணுலதான் இருப்பியா?”

“இல்லண்ணே, பொண்ணு மலை பாக்கணும்னுச்சி.”

“இது மலையா? நல்ல ஆளுபா நீ. கோயிலுக்கு இட்டுகினு போறத வுட்டுட்டு.” அவர் சாவகாசமாகக் கல்லின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்து நீட்டினார். “வா பாப்பா, இந்தா.”

நான் அசையவில்லை.

“இன்னா, காது கேக்காதா?”

“கூச்சண்ணே,” என்றார் நைனா. அவர் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. “ஊட்லகூட யார்கிட்டயும் பேசாது.”

“எங்கூட்லயும் ஒண்ணு கீது, வாயே மூடாது. மாத்திக்கலாமா?” என்று சிரித்துவிட்டு அவரே எழுந்து வந்தார். பூட்ஸ் என் கால்விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பாதத்துக்கடியில் காசு கொதிக்கிற மாதிரி இருந்தது. அவர் என் கையைப் பிரித்துக் கடலையை வைத்து மூடினார். “நடுங்குது பாரு. கால்ல புண்ணு இருந்தா இந்த மண்ணு எரியும், இட்டுகினு போ,” என்று சொல்லிவிட்டு, தடியை ஊன்றி ஊன்றி இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்தபிறகும் நைனாதான் என் காலைத் தூக்கி எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

“சத்தம் எப்படிக் கேட்டுச்சி நைனா?” என்றேன். வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவர் நடந்தார், நான் ஓடினேன். வேலை நின்றுபோன ஒரு பழைய ஷாப்ட், பூமிக்குள் இறங்குகிற கிணறு மாதிரிக் குழி, சுற்றிலும் இடுப்பளவு சுவர். காசைத் துடைத்து ஒருமுறை வெயிலில் திருப்பிப் பார்த்தார். காதுமேல் முடி இழை இழையாகத் தெரிந்தது, எனக்கு இப்போதும் தெரிகிறது. உள்ளே போட்டுவிட்டார். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து காது கொடுத்துக் கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை.

“அடி லெவலுக்குப் பூட்டா,” என்றார். சிரிப்பதற்கு வாயைக் கூட்டினார், வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பாவாடை விளிம்பைத் திருப்பித் தைத்துக் கொடுத்தாள். கார்பைடு டப்பாவை நைனா அதற்குப் பிறகு திறந்து நான் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் கூச்சக்காரி என்ற பேர் நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார்கள்.

இன்றைக்குச் சங்கு கிடையாது. மைன்ஸ் மூடி, கேஜ் நின்று, ஷாப்டெல்லாம் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது என்கிறார்கள். என் மகன் விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். தட்டி வீடுகள் இல்லை, முறத்தைத் தலைமேல் பிடித்த அந்த அம்மா இல்லை, காவல்காரர் இல்லை, சோதனை போட ஆளே இல்லை. சயனைடு மேடு மட்டும் இருக்கிறது. காற்றடித்தால் அந்த மண் இன்னும் எங்கள் துணியில் வந்து படிகிறது.

கீரையைப் பொறுக்கி முடித்தபின் சுமதியிடம், சத்தத்தைக் குறைத்து அந்தப் படத்தை மறுபடி வைக்கச் சொன்னேன். முடிவில் அந்த மனிதர் ஒன்று சொன்னார். ராணி காலத்துச் சவரன்களில் ஆஸ்திரேலியாவில் அடித்தவையும் உண்டாம். அவற்றில் சிலதில் வெள்ளி சேர்ந்து வெளுப்பாக இருக்குமாம். எங்கே அடித்தது என்று காட்ட, சிலதில் கழுத்துக்குக் கீழே பொடியாக ஓர் எழுத்து இருக்குமாம்.

போனில் சொல்வதையெல்லாம் நம்பலாமா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதினதிலும் ஷாப்ட் எது, பாவாடை எந்தக் கலர், தப்பு இருக்கலாம், அதெல்லாம் போகட்டும். இது ஒன்றை மட்டும் விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். வெளுத்த சவரன் அசலாக இருக்க முடியுமா? கழுத்துக்குக் கீழே இருந்தது பருவா, எழுத்தா? எழுத்து என்றால் எங்கள் நைனா கையில் இருந்தது குற்றமில்லாத காசு. அவரிடம் சொல்ல இனிமேல் வழியில்லை, எனக்குச் சொன்னால் போதும். எழுதி அனுப்புங்கள், சுமதி படித்துக் காட்டுவாள். வீட்டுக்கு மட்டும் யாரும் வர வேண்டாம்.