என் பேருக்கு வந்த பதில்

தீபாவளி முடிந்து, தோட்டங்களின் கணினிப் பதிவுகளைப் பார்க்கும் எங்கள் ஈப்போ அலுவலகத்துக்குள் நுழைந்தேன். கையில் முறுக்கு டின். இன்னும் உட்காரக்கூட இல்லை, மேலாளர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"தீபாவளி அன்னிக்கு எதுக்கு ஆயர் தாவார் தோட்டத்துப் பெரட்டுப் பதிவையெல்லாம் அழிச்சீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பதுதான் பெரட்டு. அந்தப் பதிவில் கை வைத்தால் வேலை போய்விடும்.

"பாஸ், நான் சித்தியவான்ல தங்கச்சி வீட்டுல இருந்தேன்!"

"அங்க இருந்தே அழிக்கலாம்லா. சர்வர்ல உங்க பேருதான் இருக்கு."

எதிர் மேசைத் தம்பி தலையைத் தூக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு அவன் வேலையை நான் பார்ப்பேன், தீபாவளிக்கு என் வேலையை அவன் பார்ப்பான். லீவில் போகும்போது கம்ப்யூட்டரில் அவரவர் கணக்கை மூடாமல் விட்டுவிட்டுப் போவோம். அது எங்களுக்குள் வழக்கம். அவன் இன்னும் கான்ட்ராக்ட் ஆள்தான்.

நான் விட்டுப்போன திரை அப்படியே இருந்தது. இப்போது யார் உள்ளே என்று கேட்கும் 'ஹூஆமை' கட்டளையை அடித்தேன். ரூட் என்றது. எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு அது, பாஸ்வேர்டு எனக்கும் தம்பிக்கும் தெரியும்.

"பாருங்க பாஸ், ரூட்! நான் இல்ல."

"ரூட்டுக்கு மாறுனது யாரு?"

அதையும் காட்டுகிறேன் என்று வீம்பாக 'லாக்நேம்' அடித்தேன். கணக்கு மாறுவதற்கு முன்னால், முதலில் உள்ளே வந்தவர் யாரென்று அது சொல்லிவிடும். சொன்னது. என் பேர்.

முதலில் உள்ளே போனவள் நான்தானே! இது எப்படி என் மண்டைக்கு எட்டாமல் போனது? எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லிவிட்டு நிற்கிறேன். இனி வேறு வழியில்லை, அவனைக் காட்டிக்கொடுக்க விரலைத் தூக்கிவிட்டேன்.

மேலாளர் திரையில் இருந்த என் பேரை உரக்கப் படித்தார், பெரட்டில் கூப்பிடுவது போல.

"நான்தான் பாஸ்" என்று பதில் வந்தது.

நான் வாயே திறக்கவில்லை. எதிர் மேசைத் தம்பி எழுந்து நின்றான்.

"அக்கா எடத்துல உக்காந்து ரூட்டுக்கு மாறினேன். பழசைத் துடைக்கப் போயி எல்லாத்தையும் துடைச்சிட்டேன். அக்கா பேரு வரும்னு சத்தியமா தெரியாதுலா."

தூக்கிய விரலை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.