சகலையைப் பத்ரிக்குக் கூட்டிப் போனது

என் சகலையைப் பத்ரிநாத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது புண்ணியத்துக்காக அல்ல. பழிவாங்கத்தான் கூட்டிக்கொண்டு போனேன். சாமி காரியத்தை எழுதும்போது இதை மறைக்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சகலை என்பது என் மனைவியின் அக்காள் வீட்டுக்காரர். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எனக்குப் பசுவந்தனைப் பக்கம் மானாவாரி நிலமும், டவுனில் ஒரு சின்னப் பலசரக்குக் கடையும். படிப்பு எட்டாவது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் தெருவில் எனக்கு மரியாதை உண்டு. இமயமலைக்கு இரண்டு தடவை பஸ்ஸிலேயே போய் வந்தவன் நான். மிளகாய் பறித்து முடித்தால் புரட்டாசி விதைப்பு வரைக்கும் கரிசலில் வேலை கிடையாது. நிலம் கை நுழைகிற மாதிரி வெடித்துக் கிடக்கும். அந்த நாளில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பையில் இரண்டு வேட்டி, ஒரு கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லா, வறுத்த கம்பு மாவு, பருப்புப் பொடி, திருநீற்றுப் பொட்டலம். ஹரித்வார் வரை ரயில். அதற்கு மேல் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறுவேன்.

இந்த மரியாதையை நம்பித்தான் சகலை என் கடைக்கு வந்தார். அதைச் சொல்வதற்கு முன்னால் குற்றாலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஆனி மாதம், நல்ல சாரல். அவர் பிடித்த வேனில் இரண்டு குடும்பமும் போயிருந்தோம். அப்போது ஊரில் என் அப்பா படுக்கையில் இருந்தார். "போயிட்டு வாலே, ஒரு நாள்தான" என்று அவரேதான் அனுப்பி வைத்தார். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது தங்கச்சியிடமிருந்து போன். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வா என்று அழுதாள். நான் வேனைத் திருப்பச் சொன்னேன்.

"பதறாதேயும் சகல. போன மாசமும் இப்படித்தான் இழுத்துச்சு. மறுநா எந்திரிச்சு உக்காந்து மீன்கொழம்பு கேட்டாரு. பிள்ளைக இப்பதான் தண்ணில எறங்கியிருக்கு. குளிச்சு, சாப்புட்டு, அப்படியே போயிருவோம்" என்றார் சகலை.

"அண்ணாச்சி, அப்பா அண்ணாச்சி…"

"ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிராதுவே."

ஈர வேட்டியோடு ஓடினேன். தென்காசிக்கு ஒரு பஸ், சங்கரன்கோவிலுக்கு ஒரு பஸ், கோவில்பட்டிக்கு ஒன்று, அங்கிருந்து பசுவந்தனைக்கு ஒன்று. வேட்டி என் இடுப்பிலேயே காய்ந்தது. வீட்டுக்குள் நுழையும்போது அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாயில் பாலைத் தங்கச்சி ஊற்றியிருந்தாள். ஒரே மகன் நான். கடைசிப் பால் என் கையால் இறங்கவில்லை.

வேன் பொழுது சாய்ந்துதான் வந்தது. சகலை என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். குற்றாலம் போகிறவர்கள் சாப்பிடாமல் திரும்பாத பார்டர் கடைக் கோழி வாசனை அவர் கையில் அடித்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கழுகுமலை முருகனிடம் ஒவ்வொரு கிருத்திகைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தேன்: இவருக்கும் இதே மாதிரி ஒரு நாளை என் கண்ணுக்கு முன்னால் காட்டு. பிள்ளைகளுக்காகக்கூட நான் அவ்வளவு உருகிக் கேட்டதில்லை.

போன சித்திரையில் சகலை கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சகல, நீருதான் ஒரு வழி பண்ணணும். எங்க அப்பாவுக்குப் பல வருஷமா திதி குடுக்காம விட்டுட்டேன். அதுதான் வீட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு வருதுன்னு சோசியர் சொல்லுதாரு. பத்ரிநாத்துல பிரம்மகபாலம்னு ஒரு எடமாம்லா? வைகாசி அமாவாசைக்கு அங்க போயி பிண்டம் வைக்கணுமாம். உடம்ப வருத்தி பஸ்ஸுல போனாத்தான் பலனாம்."

"பயலுவளக் கூட்டிட்டுப் போகலாம்லா அண்ணாச்சி?"

"அவனுவளுக்கு எங்க லீவு இருக்கு? எனக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. உம்மை விட்டா யாரு இருக்கா எனக்கு?"

கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி என்றேன்.

என் மனைவிக்கு மட்டும் ஏதோ தட்டுப்பட்டுவிட்டது. "உங்க மூஞ்சியே சரியில்ல. அவிய பெரிய ஆளு, உடம்புக்கு ஆகாதவிய. பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"பாத்துத்தான் கூட்டிட்டுப் போறேன்."

ஹரித்வாரில் விடிகாலை பத்ரிக்கு நேர் பஸ் இருக்கிறது. அதில் நான் அவரை ஏற்றவில்லை. மாறி மாறித்தான் போக முடியும் என்று சொல்லி, ரிஷிகேஷிலிருந்து ஒரு லொடக்கு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார வைத்தேன். நாலு கொண்டை ஊசி தாண்டுவதற்குள் வாந்தி. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏ முருகா, ஏ முருகா" என்று அவர் கூப்பிட்டபோது, எனக்கல்லவா முருகன் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. கொடுக்கவில்லை.

அந்த வழியை நான் எப்போதும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டேதான் போவேன். ஒரு பக்கம் அதலபாதாளத்தில் கங்கை, இன்னொரு பக்கம் நெற்றியில் இடிக்கிற மாதிரி மலை. எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது. இங்கே வானத்தைப் பார்க்கத் தலையை வெளியே விட வேண்டும். இந்தத் தடவை அது எதுவும் என் மனசில் ஏறவில்லை. நாளைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் மலையிலிருந்து அருவி நேராக ரோட்டிலேயே விழுந்தது. டிரைவர் அதற்குள்ளேயே பஸ்ஸை விட, கூரையில் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. சகலை முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"குத்தாலம் மாதிரி இருக்குல்லா சகல?"

அதை எப்படிச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது அவரால்? ஆமா அண்ணாச்சி என்றேன். கையில் இரண்டு நாள் மிச்சம் வைத்துத்தான் ஊரிலிருந்து கிளம்பியிருந்தோம். அந்த நிமிஷமே ஒரு நாளைத் தின்றுவிட முடிவு செய்தேன். ருத்ரப்பிரயாகையில் இறக்கி, இரண்டு ஆறு கூடுகிற இடத்தில் கட்டாயம் முழுக வேண்டும் என்றேன். அடுத்த நாளைச் சமோலியில் தின்றேன். அமாவாசை விடிந்தபோது ஜோஷிமட்டில் இருந்தோம். பத்ரிக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

அவர் குளித்து, பட்டை போட்டு, வேட்டி துண்டோடு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டார். நான் அங்கிருந்தவர்களிடம் சும்மா ஏதோ விசாரித்துவிட்டு வந்து, "அண்ணாச்சி, மேல பனி சரிஞ்சு ரோடு அடைச்சுட்டாம். இன்னைக்கு ஒரு வண்டியும் போகாதாம்" என்றேன்.

"நல்லாக் கேட்டீரா?"

"நாலு பேருகிட்ட கேட்டுட்டேன்."

எதிரில் டீக்கடையில் அவரை உட்கார வைத்தேன். எங்கள் கண் முன்னாலேயே பத்ரி பஸ்கள் போயின. போர்டெல்லாம் இந்தி. எங்கே போகுது சகல இது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். இது கீழ போகுது, இது பக்கத்து ஊருக்குப் போகுது என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். அப்புறம் தமிழ் ஆட்கள் யாராவது வந்து காரியத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயம் வந்து, படிக்கட்டு இறங்கி நரசிம்மர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பயந்த மாதிரியே அங்கே மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர், "பத்ரி போயிட்டு வந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். நான் சகலையின் கையைப் பிடித்துப் பிராகாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

உச்சி வெயில் தாண்டியதும் அவர் உடைந்துபோனார். தூணில் சாய்ந்து, மேல் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, "இம்புட்டுத் தூரம் வந்தும் கை எட்டலியே, அப்பா" என்று அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு பஸ் மாறி நான் வந்த அன்றைக்கு என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை அவர் முகத்தில் பார்த்துக்கொண்டேன். நெஞ்சில் பன்னிரண்டு வருஷமாகக் கிடந்த கட்டி கரைந்த மாதிரி இருந்தது. நரசிம்மர் சன்னதியில் நின்று நன்றி சொன்னேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன்.

மறுநாள் ரோடு திறந்துவிட்டது என்று சொல்லி ஏற்றினேன். பத்ரி நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் பனி. ஒரு வளைவில் மலை உச்சியிலிருந்து ஆறு ஒன்று இறங்கி வந்து அப்படியே உறைந்து கிடந்தது. மேலெல்லாம் மண்ணும் கல்லும் அப்பி, அழுக்கு உப்புப் பாளம் மாதிரி. அதை வெட்டித்தான் ரோடு போட்டிருந்தார்கள். பஸ் நின்றபோது சகலை இறங்கிப் போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதுதானா சகல நேத்து அடைச்சது?" என்றார். தலையை ஆட்டினேன்.

பிரம்மகபாலம் என்பது கோயிலுக்கு அப்பால் ஆற்றங்கரையில் இருக்கிற பாறை. அங்கே பிண்டம் வைத்துவிட்டால், செத்தவருக்கு அதோடு எல்லாம் நிறைவாகிவிடும், அப்புறம் ஊரில் திதி கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள். அதற்காகவேதான் போன இரண்டு தடவையும் நான் அங்கே நின்று கும்பிட்டுவிட்டு, பிண்டம் வைக்காமல் திரும்பினேன். கடைசிப் பால்தான் கொடுக்கவில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை எள்ளும் தண்ணீருமாவது என் கையால் அப்பாவுக்குப் போகட்டும், அதை முடித்துக்கொள்ள மாட்டேன் என்றிருந்தேன்.

அங்கே சடங்கு செய்துவைக்கிற பண்டாவுக்கு உடைந்த தமிழ் தெரியும். சகலை அவர் காலில் விழாத குறையாக, "அமாவாச நேத்தே போயிருச்சு சாமி, இனி வச்சா சேருமா?" என்று கேட்டார்.

பண்டா சிரித்தார். "அமாவாசை உங்க ஊர்ல. இது பிரம்மகபாலம். இங்க எல்லா நாளும் நல்ல நாள். உட்காரு."

நான் தின்ற இரண்டு நாள், சொன்ன பொய், அவர் அழுத அழுகை, எல்லாம் ஒரு சொல்லில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அமாவாசை போனால் எல்லாம் போயிற்று என்று நானும் அவரை மாதிரியேதான் நினைத்திருந்தேன். அங்கே நிற்கப் பிடிக்காமல் வெந்நீர்க் குண்டத்துப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சகலை சடங்கை முடித்து எழுந்திருந்தார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"சகல, உம்ம அப்பாவுக்கும் சேத்து ஒரு உருண்ட வச்சுட்டேன். சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் வைக்கலாம்னு சாமி சொன்னாரு. குத்தாலத்துல நான் செஞ்சது இன்னைக்கும் உறுத்திக்கிட்டே கெடக்குவே. இனி அவருக்கும் கொறையில்ல. நீரும் வருஷா வருஷம் அலைய வேண்டாம்."

"யாரக் கேட்டு வச்சீங்க?"

"நல்லதுதானவே செஞ்சேன்?"

"எங்க அப்பாவுக்கு வைக்க நீங்க யாரு?" என் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். "பாலத்தான் ஊத்த விடல. இதையும் புடுங்கிக்கிட்டீங்களா? நல்லாக் கேட்டுக்கோங்க. முந்தாநாள் நீங்க அழுதீங்கல்லா, அன்னைக்கு ரோடு அடைக்கவே இல்ல. நாந்தான் பொய் சொன்னேன். வேணும்னே சொன்னேன்."

முந்தாநாள் இல்லை, முந்தின நாள்தான். கோபத்தில் வாய் குழறியது. அவர் குனிந்து, விரலில் ஒட்டியிருந்த எள்ளை ஆற்றில் கழுவினார். பிறகு மெதுவாக, "சரியாப் போச்சு சகல" என்றார்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. சரியாகப் போயிற்று என்று சொல்ல வேண்டியவன் நான். அதையும் அவரே சொல்லிவிட்டார்.

அவரை அறையில் விட்டுவிட்டு நான் மட்டும் மானா கிராமம் தாண்டி வசுதாரா அருவிக்கு நடந்தேன். பாவிகள் மேல் அந்தத் தண்ணீர் விழாது என்று சொல்வார்கள். எவ்வளவோ உயரத்திலிருந்து விழுந்தாலும் காற்று அதைத் தூக்கி அங்கும் இங்கும் எறிகிறது. எனக்கு முன்னால் நின்ற ஒரு வடநாட்டுக் கிழவர் நனைந்துபோய்க் கும்பிட்டார். என் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு பாறைமேல் தொற்றி ஏறி, தண்ணீர் எங்கே விழுகிறதோ அங்கேயே போய் நின்றுகொண்டேன். பல் கிட்டித்துப் போகும் வரை நின்றேன்.

திரும்பும் வழியில் ஹரித்வார் வரை ஒரே நேர் பஸ்.

ஊர் வந்ததும் எங்கள் கோயில் குருக்களிடம் கேட்டேன். மகன் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தர் வைத்த பிண்டம் மகன் கடனைத் தீர்க்குமா என்று. அவர் தாடையைச் சொறிந்துவிட்டு, "ரெண்டு விதமாவும் சொல்லுவாங்க" என்றார். எனக்கு வேண்டிய விதத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆடி அமாவாசைக்குத் திருச்செந்தூர் போனேன். கடலில் இடுப்பளவு தண்ணீரில் கூட்டம். நான் கரையில் சட்டையைக் கழற்றும்போது போன் அடித்தது. சகலைதான்.

"திருச்செந்தூர் போயிருக்கீராம்லா? எதுக்குவே? அங்கனதான் எல்லாம் முடிஞ்சு போச்சே."

"முடியல அண்ணாச்சி. போன வைங்க."

ஐயர் எள்ளை என் உள்ளங்கையில் வைத்தார். அப்பா பெயரைச் சொல்லச் சொன்னார். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னேன். மூன்று தடவை தண்ணீர் விட்டதும், போதும், அடுத்த ஆள் வாங்க என்றார் ஐயர். நான் நகரவில்லை. குனிந்து இன்னொரு கை அள்ளினேன்.