எர்சீலியா வழி

செவெரீனோவின் பெயரை எந்தச் செய்தித்தாளும் போட்டதில்லை. போட்டிருந்தால்தான் ஆச்சரியம். இமயத்துக்குப் போய்க் கொடி நட்டவனா அவன்? பல் வைத்தியர்களையும் செருப்புக் கடைக்காரர்களையும் கயிற்றில் கட்டிக் கறுப்புப் பல் சிகரத்தில் ஏற்றி, விழாமல் இறக்கி, விடுதியில் சூடாக ஒரு கிண்ணம் சூப் கொடுத்து அனுப்பியவன். எங்கள் சோர்தா பள்ளத்தாக்கில் மலை வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை, வாய்ச்சவடாலுக்கும் பஞ்சமில்லை. செவெரீனோவுக்கு வாய் கிடையாது. அவனுக்கு இருந்தது காது.

பாறையில் வழி போடுகிறவன், கயிறு மாட்டும் இரும்பு வளையத்தைப் பதிப்பதற்கு முன்னால் சுத்தியலால் அந்த இடத்தைத் தட்டிப் பார்ப்பான். கணீரென்றால் நல்ல கல். பொத்தென்றால் உள்ளே விரிசல், ஒதுங்கிப் போய்விட வேண்டும். பாலாடைக்கட்டிச் சக்கரத்தை வியாபாரி தட்டிப் பார்த்து வாங்குகிறானே, அதே கதைதான். செவெரீனோ ஒருமுறை தட்டித் தலையாட்டிவிட்டால் அதற்கு மேல் யாரும் அந்தக் கல்லைத் தட்ட மாட்டார்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் எங்களிடம் உண்டு. புது வழி போட்டவன் முதலில் தன் வீட்டு ஆளைக் கயிற்றில் கட்டி அதில் கூட்டிப்போக வேண்டும். அப்புறம்தான் வழிகாட்டிகள் அலுவலகம் வெளியாட்களை விடும். தன் வீட்டு ஆளை நம்பி ஏற்ற முடியாத வழியில் ஊரார் வீட்டு ஆளை ஏற்றக் கூடாது என்பதுதான் கணக்கு. செவெரீனோ ஊருக்கு மேலே ஒரு பாறையில் தன் முதல் வழியைப் போட்டபோது அவனுக்குக் கல்யாணமாகி மாதம்கூட ஆகவில்லை. புதுப்பெண் எர்சீலியாவைத்தான் கட்டிக்கொண்டு போனான். மாட்டுக்கொட்டகைப் பரணுக்கு மேல் எதிலும் ஏறாதவள் அவள். மேலே போய்ச் சேர்ந்ததும் அவன் அந்த வழிக்கு அவள் பெயரையே வைத்தான். அவன் வாழ்நாளில் பேசிய காதல் வசனம் அது ஒன்றுதான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அதன் பிறகு இருவரும் சிகரத்தின் அடியிலிருந்த மலைவிடுதியை எடுத்து நடத்தினார்கள். அவன் ஆட்களை மேலே ஏற்றினான், அவள் மக்காச்சோளக் களி கிண்டினாள். மகள் நீவெஸ் அங்கேதான் நடை பழகினாள். பிறகு வளர்ந்து தூரீன் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், மலை என்றாலே தலைசுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு. விடுதிக்குக் கீழே கிடந்த பனியாறு வருஷத்துக்கு வருஷம் தாழ்ந்துகொண்டே போக, செவெரீனோ அதிலிருந்து விடுதிக்கு ஏறும் ஏணிக்கு ஒவ்வொரு கோடையிலும் படி சேர்த்துக்கொண்டே வந்தான். அதைப் பற்றியும் அவன் பேசவில்லை.

பிறகு ஒரு ஆகஸ்ட் மதியம் சிகரத்துக்குப் போகும் பழைய வழி இருந்த சரிவே பெயர்ந்து கீழே போயிற்று. நல்ல வேளை, அப்போது அதில் யாரும் இல்லை. விடுதிக்குச் சொந்தக்காரர்களான நகரத்து மனிதர்கள் வந்து பார்த்தார்கள். சிகரத்துக்கு வழியில்லாத இடத்தில் விடுதி எதற்கு, அடுத்த கோடை முடிவதற்குள் வேறு வழி வராவிட்டால் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டு, எர்சீலியா கிண்டிய களியையும் தின்றுவிட்டுப் போனார்கள். அந்த விடுதியை விட்டால் செவெரீனோவுக்கும் அவளுக்கும் போக்கிடம் கிடையாது.

அடுத்த வசந்தத்தில் சிகரத்தின் கிழக்கு விளிம்பில் வேலையைத் தொடங்கினான். வெயில் பட்டால் கல் உருளும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதனால் விடிவதற்குள் ஏறி, வெயில் வருவதற்குள் இறங்கிவிடுவான். நாள்தோறும் தட்டினான், கேட்டான், வளையம் பதித்தான். ஒவ்வொரு கல்லும் கணீர் கணீரென்றது. இவ்வளவு நல்ல பாறையை ஆயுசில் பார்த்ததில்லை என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னான். எர்சீலியா விடுவாளா?

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இப்படித் தட்டிப் பாத்திருந்தா நீ தப்பிச்சிருப்பே" என்றாள்.

வழி முடிந்தது. அலுவலகத்தின் தலைவன் குவிரீனோ, எர்சீலியாவின் தம்பி. மச்சானுக்காகக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவான் என்று சிலர் நினைத்தார்கள். அவன் கையை விரித்துவிட்டான். வீட்டு ஆள் ஏறினால்தான் உண்டு. மகள் வரமாட்டாள் என்பது தெரிந்ததுதான். மிச்சம் எர்சீலியாதான், அதுவும் முட்டி தேய்ந்துபோன எர்சீலியா. ஆனாலும் அவள் தயங்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நல்ல நாள் பார்த்து இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

முட்டி வலியோடு அவள் மெல்ல மெல்லத்தான் ஏறினாள். பாதி வழிகூடத் தாண்டவில்லை, விளிம்பில் வெயில் விழுந்துவிட்டது. செவெரீனோ அந்தப் பாறையில் வெயிலோடு நின்றது அன்றுதான் முதல்முறை. பழக்கதோஷத்தில், அடுத்த வளையத்தில் கயிற்றை மாட்டுவதற்கு முன் பக்கத்துக் கல்லைத் தட்டினான்.

பொத்தென்றது.

மறுபடி தட்டினான். அதே பொத். வளையத்தின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பாறையில் கோடிழுத்துக்கொண்டிருந்தது. விரலால் திருகினான். வளையம் திரும்பியது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. விரிசல்களுக்குள் உறைந்திருந்த பனி அத்தனை கல்லையும் ஒட்டவைத்துப் பிடித்திருக்கிறது. வசந்தகால விடியற்காலைகளில் அவன் தட்டிக் கேட்டது கல்லை இல்லை, பனியை. பாவி மனுஷன், ஜாக்கிரதை ஜாக்கிரதை என்று குளிர்ந்த நேரமாகப் பார்த்துப் பார்த்துப் போனதுதான் அவனை ஏமாற்றியிருக்கிறது.

எர்சீலியா அருகே வந்து, வளையத்தை அவளும் திருகிப் பார்த்தாள். கீழே விடுதியின் கூரை சின்னதாகத் தெரிந்தது.

"மெதுவா மேல போயிடலாம்" என்றாள். "உச்சியில இருக்கிற சிலுவையைத் தொட்டுட்டு இறங்கிடுவோம். வழி நல்லாருக்குன்னு தம்பிகிட்ட நான் சொல்றேன். ஒரு கோடை ஓடட்டும் செவெரீனோ. ஒரே ஒரு கோடை."

"உன்னைக் கயித்துல கட்டிக் கூட்டிட்டு வந்ததே இதுக்குத்தான், எர்சீலியா."

அவளுக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. அவளைப் படிப்படியாகக் கீழே இறக்கிக்கொண்டே, பின்னால் ஒவ்வொரு வளையமாகக் கழற்றிக்கொண்டு வந்தான். சிலவற்றுக்குச் சுத்தியல்கூடத் தேவைப்படவில்லை.

விடுதி வாசலில் குவிரீனோ ஒயின் புட்டியோடு காத்திருந்தான். எர்சீலியா பையைக் கவிழ்த்து வளையங்களை மேசையில் கொட்டினாள். அவன் புட்டியை ஓரமாக வைத்தான். ஒரு வளையத்தை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தவன், சட்டென்று நிறுத்தினான்.

"மச்சான்," என்றான், "நீ போட்ட மத்த வழியெல்லாம்?"

அந்தப் பள்ளத்தாக்கின் பாதி வழிகள் செவெரீனோ தட்டிப் போட்டவை, எல்லாமே விடியலில். அன்றைக்கும் அவற்றில் யார் யாரோ தொங்கிக்கொண்டிருந்தார்கள். குவிரீனோ தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

விடுதியைச் செப்டம்பரில் பூட்டினார்கள். கணவனும் மனைவியும் கீழே சாலையோரத்தில் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே வேலைதான். கோடையில் உச்சி வெயில் காயும் நேரமாகப் பார்த்துத் தன் வழிகளில் தானே ஏறித் தட்டுவான். கணீரென்றால் விட்டுவிடுவான், அப்படி ஒலித்தவை கொஞ்சம்தான். பொத்தென்றால் பிடுங்கிவிடுவான். கீழே நின்று கயிறு பிடிப்பது எர்சீலியா. மற்ற வழிகாட்டிகள் அவனிடம் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் சோற்றில் மண்ணைப் போடுகிறான் என்று அவன் காதுபடவே சொன்னார்கள். குவிரீனோ மட்டும் தடுக்கவுமில்லை, கூட வரவுமில்லை.

கடைசியில் ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது, அவள் பெயர் வைத்த அந்த முதல் வழி. அதை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான், அவளும் ஞாபகப்படுத்தவில்லை. போன ஜூலையில் ஒருநாள், சாப்பிட்டு முடித்ததும் அவளே எழுந்து கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

முதல் வளையம் வரை ஏறி அவன் தட்டினான். கீழே இருந்த அவளுக்கும் கேட்டது.

"அதுவுமா?" என்றாள்.

"இதுவுந்தான்."

"அன்னிக்குக் கணீர்னுதானே இருந்துச்சு? நானும் கேட்டேனே."

அவன் சுத்தியலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே தொங்கினான். அவள் முட்டி வலியில் கால் மாற்றி நின்றாள்.

"எடுத்துடு" என்று சொல்லி, கயிற்றைக் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தாள்.